52 − 38 = 26 எங்கேருந்து வருது? ஒரு மூணாங்கிளாஸ் கழித்தல் பத்தின நிகழ்வு ஆய்வு

மூணாங்கிளாஸ் கணக்கு நோட்டு எதை எடுத்துப் புரட்டினாலும் இந்தத் தப்பு கண்ணுல படும். 52லருந்து 38 போனா 26னு எழுதியிருக்கும். அவசரத்துல போட்டுட்டான், கவனம் இல்லன்னு சொல்லி சிவப்பு மையில ஒரு சுழி போட்டுட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். ஆனா அதே பையன் நோட்டுல கொஞ்சம் கீழ பாருங்க, 71 − 45ஐ 34னு எழுதியிருப்பான், 83 − 27ஐ 64னு எழுதியிருப்பான். கவனக்குறைவுன்னா இப்படி ஒரே அச்சுல வார்த்த மாதிரி வராது. அவன்கிட்ட ஒரு விதி இருக்கு, அந்த விதிய ரொம்ப ஒழுங்கா கடைப்பிடிக்கிறான்: ஒவ்வொரு இடத்துலயும் எது பெருசோ அதுலருந்து சின்னத கழி, எது மேல இருக்கு எது கீழ இருக்குன்னு பாக்காத.

இதை 1978லயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் விவரமா எழுதிட்டாங்க. பசங்களோட கழித்தல் தப்புகள்ல நிறைய எப்படியோ வந்து விழறது இல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம்ல பக் (பிழை) இருக்கிற மாதிரி, முறையில எங்கயோ ஒரு படி மாறிப்போய் அந்த மாறின படியையே பசங்க விடாம செய்யறாங்கங்கிறதுதான் அவங்க சொன்னது. அந்தப் பட்டியல்ல ரொம்பப் பிரபலமான பக் இந்த 'பெருசுலருந்து சின்னது'தான். இது புரிஞ்சுட்டா 'இன்னும் இருபது கணக்கு போடு'ங்கிற வைத்தியம் ஏன் வேலை செய்யறதில்லன்னும் புரிஞ்சுடும், தப்பான விதிய வச்சுக்கிட்டு இருபது கணக்கு போட்டா அந்த விதிக்குத்தான் இருபது தடவை பயிற்சி.

நான் எழுதப்போறது ஒரு வகுப்புல ஒரு பருவம் முழுக்க இந்த ஒரே விஷயத்த எப்படி கையாண்டாங்கங்கிறது. வகுப்பு டீச்சர்தான் எல்லாம் நடத்தினாங்க, நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்தேன், குறிப்பு எடுத்தேன், பீரியட் முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து அடுத்து என்னன்னு பேசினோம். ஒரு வகுப்பு, ஒரு டீச்சர், ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு வகுப்பு கிடையாது, அதனால இதை நிரூபணமா எடுத்துக்காதீங்க. எது எதனால நடந்துச்சுன்னு கிட்டத்துலருந்து பாத்த ஒரு பதிவு, அவ்வளவுதான்.

முதல்ல என்ன இருந்துச்சு

டீச்சர் ஏற்கனவே கடன் வாங்கி கழிக்கிறத சொல்லிக் குடுத்து முடிச்சிருந்தாங்க, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. முதல் நாள் பரீட்சை மாதிரி இல்லாம ஒரே ஒரு கணக்கு குடுத்தாங்க, 52 − 38. நேரக்கட்டுப்பாடு கிடையாது, முடிச்சதும் பக்கத்துல எப்படி பண்ணேன்னு படமாவோ வார்த்தையாவோ எழுதணும். வந்த விடைகள் 14, 26, 24, 20, 90. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு நியாயம் இருக்கு பாருங்க. 26 மேல சொன்னதுதான், இதுதான் அதிகம். 24 போட்டவங்க கடன் வாங்கிட்டாங்க, 2ஐ 12 ஆக்கி 8ஐ கழிச்சு 4 எழுதிட்டாங்க, ஆனா பத்தாம் இடத்துல 5ஐ 4 ஆக்க மறந்துட்டாங்க, அதாவது எங்கேருந்தோ ஒரு பத்து சும்மா வந்துடுச்சு. 20 போட்ட பொண்ணு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது: '2 கிட்ட 8 கேட்டா, இருக்கிற 2ஐ குடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னு ஆயிடும், அதனால 0.' யோசிச்சுப் பாத்தா இதுல புத்தி இருக்கு, அந்த இடத்த மட்டும் தனியா பாத்தா அது சரிதான், ஆனா பக்கத்துலயே அம்பது நிக்குதுங்கிறது அவ கண்ணுக்குத் தெரியல. 90 போட்டவன் குறியையே பாக்கல, அது மட்டும்தான் உண்மையான கவனக்குறைவு.

ஆனா எங்க ரெண்டு பேரையும் உலுக்கினது தப்பா போட்டவங்க இல்ல, 14னு சரியா போட்டவங்கதான். அவங்கள்ல சில பேர தனியா கூப்பிட்டு 16 குச்சிய மேசையில பரப்பி, தாள்ல 16னு எழுதி, 'இந்த 6க்கு எந்தக் குச்சி, இந்த 1க்கு எந்தக் குச்சி'ன்னு கேட்டோம். 6க்கு ஆறு குச்சி தனியா எடுத்து வச்சாங்க, 1க்கு ஒரே ஒரு குச்சி. மீதி ஒம்பது குச்சி அனாதையா கிடக்குது, அது அவங்கள கொஞ்சம் கூட உறுத்தல. கான்ஸ்டன்ஸ் காமி மாதிரி ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியக் கேட்டு இதே பதில வாங்கியிருக்காங்க, அது எனக்குத் தெரியும், ஆனாலும் நேர்ல பாக்குறப்ப வேற மாதிரிதான் இருக்கு. அப்புறம் 201 − 199 எவ்வளவுன்னு கேட்டா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி, ரெண்டு இடத்துல கடன் வாங்கி, அடிச்சுத் திருத்தி, 2னு கொண்டு வராங்க. 199க்கு அடுத்து 200, அதுக்கு அடுத்து 201, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி நிக்குறாங்கன்னு தோணவே இல்ல.

அப்போ பிரச்சினை தப்பு போட்டவங்களுக்கு மட்டும் இல்ல. இலக்கத்த இலக்கமா மட்டும் பாக்குற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, சில பேருக்கு அது சரியான விடையா வெளிய வருது, சில பேருக்கு 26ஆ வருது.

இந்த 26ஐ நாமளும் கொஞ்சம் வளத்து விடுறோம்ங்கிறது என் கணிப்பு. முதல் வகுப்புலருந்து 'சின்னதுலருந்து பெருச கழிக்க முடியாது'ன்னு ஒரு வாக்கியத்த சொல்லிக்கிட்டே வரோம். குழந்தை அதை அப்படியே நம்புது, 2லருந்து 8 போகாது, சரி, அப்போ முடிஞ்ச கணக்க போடுறேன்னு 8லருந்து 2ஐ எடுக்குது. இதுல கீழ்ப்படியாமை எங்க இருக்கு, நம்ம சொன்னதைத்தான கேட்டிருக்கு. டீச்சர் அந்த வாக்கியத்த அன்னையோட நிறுத்திட்டு '2லருந்து 8 எடுத்தா எவ்வளவு பத்தல?'ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. இது சின்ன மாத்தம் மாதிரி தெரியும், ஆனா பின்னாடி ஒரு பையன் 50லருந்து 30 போனா 20, 2லருந்து 8 போனா 6 பத்தல, அந்த 6ஐ 20லருந்து குடுத்தா 14னு சொன்னான், இந்தக் கேள்வி இல்லன்னா அந்த வழி வந்திருக்காது.

விளையாட்டு மட்டும் போதல

திட்டம் இதுதான்: தினமும் வகுப்பு ஆரம்பத்துல பத்து நிமிஷம் மனக்கணக்குப் பேச்சு, வாரத்துல ரெண்டு பீரியட் விளையாட்டு, நோட்டுல எந்தக் கழித்தல் போட்டாலும் முதல்ல விடை எவ்வளவு பக்கம் வரும்னு ஒரு வரி மதிப்பீடு. நெடுக்கா எழுதி கழிக்கிற முறைய விடல. சின்ன வகுப்புகள்ல அதை சொல்லிக் குடுக்குறதே கெடுதல்னு காமி வாதாடினவங்க, அந்த வாதத்துல நியாயம் இருக்கு, ஆனா அடுத்த வகுப்புல அதைத்தான் எதிர்பாப்பாங்கங்கிறப்ப பசங்கள வெறுங்கையோட அனுப்புறதுல எனக்கு உடன்பாடு இல்ல, டீச்சருக்கும் இல்ல.

முதல் விளையாட்டு 'நூறுலருந்து பூஜ்யம்'. ரெண்டு பேர், ஆளுக்குப் பத்துப் பத்துக் குச்சியா ரப்பர் பேண்ட் போட்ட பத்துக் கட்டு, ரெண்டு பகடை. உருட்டி வர கூட்டுத்தொகைய உங்ககிட்டேருந்து நடுவுல போடணும், யாரு முதல்ல காலி பண்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. உதிரி பத்தலன்னா கட்டப் பிரிச்சுத்தான் ஆகணும், கடன் வாங்குறதுங்கிற விஷயம் கையில நடக்குது. பசங்களுக்கு பயங்கர சந்தோஷம், வகுப்பே ஒரே சத்தம், பாக்குறதுக்கு எல்லாம் நல்லா நடக்குற மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த வாரக் கடைசியில நோட்டுல அதே 26 மாதிரி விடைகள்தான், அசையவே இல்ல.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. பக்கத்துல நின்னு பாத்தா தெரியும், பகடையில 9 விழுந்தா ஒரு கட்டப் பிரிக்கிறாங்க, ஒம்பது குச்சிய எண்ணிப் போடுறாங்க, பகடைய தூக்கி அடுத்தவன்கிட்ட குடுக்குறாங்க. எங்கயுமே 'நான் 63ல இருந்தேன், இப்போ 54'ங்கிற பேச்சே இல்ல. குச்சி நகருது, எண் நகரல.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் ரெண்டு பேரும் 2008ல வெளியிட்ட ஆய்வு இங்க ஞாபகம் வருது. பள்ளிக்கு முந்தின வயசு குழந்தைங்களுக்கு 1லருந்து 10 வரைக்கும் வரிசையா கட்டம் போட்ட ஒரு அட்டை விளையாட்டு, ரெண்டு வாரத்துக்குள்ள நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் அளவுக்கு. இன்னொரு குழுவுக்கு அதே அட்டை, அதே நகர்த்தல், ஆனா கட்டத்துல எண்ணுக்குப் பதிலா நிறம். எண் போட்ட அட்டையில விளையாடின குழந்தைங்களுக்கு எண்களோட அளவு பத்தின அறிவு நல்லா கூடுச்சு, நிற அட்டைக்காரங்களுக்கு கூடல. அப்புறம் 2014ல எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரைக்கும் இருக்கிற அட்டைய வச்சுப் பாத்தாங்க, 25ல நிக்குறப்ப 2 விழுந்தா 'ஒண்ணு, ரெண்டு'ன்னு சொல்லி நகர்றதுக்கும் 'இருபத்தாறு, இருபத்தேழு'ன்னு சொல்லி நகர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு, ரெண்டாவது மாதிரி சொன்னவங்கதான் நல்லா முன்னேறினாங்க. விளையாட்டு அதேதான், வாய் என்ன சொல்லுதுங்கிறதுதான் மாறுச்சு.

அதனால விதிய மாத்தினோம். உருட்டினவன் குச்சிய தொடறதுக்கு முன்னாடி, எதிராளி 'நீ 63, ஒம்பது போனா 54'னு சொல்லணும், அப்புறம் குச்சி எடுத்து சரி பாக்கணும், தப்பா இருந்தா எதிராளிக்கு அந்த முறை ஆட்டம் கிடையாது. ஒரு தாள்ல ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே வரணும். கணக்கு எதிராளி தலையில விழுறதுனால ரெண்டு பேருமே முழிச்சிருக்கணும், முன்ன மாதிரி கெட்டிக்காரப் பொண்ணு கணக்குப் போட பக்கத்துல இருக்கறவன் பகடை மட்டும் உருட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. சத்தம் பாதியா குறைஞ்சுது, வேகமும் குறைஞ்சுது, ஒரு ஆட்டம் ஒரு பீரியட்ல முடியல. பரவாயில்லன்னு விட்டுட்டோம்.

விதி மாறினதும் சீக்கிரமே ஒரு மூலையிலருந்து புது யோசனை வந்துச்சு. 63ல நிக்குற ஒருத்தி 9 விழுந்ததும் கட்டப் பிரிக்காம ஒரு முழுக் கட்டயே நடுவுல போட்டுட்டு, நடுவுல இருந்து ஒரு குச்சிய திருப்பி எடுத்துக்கிட்டா. எதிர்ல இருந்தவன் 'டீச்சர், இவ ஏமாத்துறா'ன்னு கத்திட்டான். ஏமாத்து வேலையா இல்லையான்னு வகுப்பு முழுக்க விவாதம். இதுலருந்துதான் மனக்கணக்குப் பேச்சுக்கு ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைச்சுது.

பத்து நிமிஷப் பேச்சு

இந்த மனக்கணக்குப் பேச்சு வழக்கத்த 1990களோட ஆரம்பத்துல கேத்தி ரிச்சர்ட்சன், ரூத் பார்க்கர்னு ரெண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் உருவாக்கினாங்க, இப்ப பல நாட்டு வகுப்புகள்ல நடக்குது. போர்டுல ஒரு கணக்க கிடைமட்டமா எழுதணும், நெடுக்கா எழுதினா கை பழைய பாதையிலயே ஓடிடும். பென்சில் கீழ. விடை வந்தவங்க கை தூக்கக் கூடாது, நெஞ்சுகிட்ட கட்டைவிரல மட்டும் காட்டணும், இன்னொரு வழி கிடைச்சா இன்னொரு விரல். கை தூக்குனா பக்கத்துல யோசிச்சுக்கிட்டு இருக்கறவன் யோசனைய நிறுத்திடுறான், கட்டைவிரலோட முழு உபயோகமும் இதுதான். எல்லாருக்கும் நேரம் ஆனதும் டீச்சர் விடைகள மட்டும் முதல்ல வாங்கி, சரியோ தப்போ எல்லாத்தையும் முகத்துல ஒண்ணும் காட்டாம போர்டுல எழுதணும். அப்புறம்தான் 'யாராவது உங்க விடைக்குக் காரணம் சொல்றீங்களா?'

காத்திருக்கிறது சொல்ல சுலபம். மேரி பட் ரோங்கிற கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்ல வகுப்புகள ஒலிப்பதிவு பண்ணிப் பாத்தப்ப, டீச்சர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது, அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டினா பதில் நீளமாகுது, பதில் சொல்ற பசங்களோட எண்ணிக்கையும் கூடுது. இங்க டீச்சருக்கு ஆரம்பத்துல அந்த அமைதி தாங்கவே முடியல, வாய் தானா திறந்து 'முதல்ல ஒண்ணாம் இடத்த...'ன்னு ஆரம்பிச்சுடும். கையில ஒரு சாக்பீஸ வச்சு உருட்டிக்கிட்டே நின்னாங்க.

முதல் நாட்கள்ல 52 − 38ஐ தொடவே இல்ல. 32 − 9, 40 − 38, 50 − 38 இப்படி. அந்த 'ஏமாத்து வேலை' 32 − 9ல தானா வெளிய வந்துச்சு: 'பத்து குடுத்துட்டு ஒண்ணு திருப்பி வாங்கிக்கிட்டேன் டீச்சர், 23.' அதுக்கப்புறம் 52 − 38 போட்டப்ப வந்த சண்டைய கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நியாயப்படுத்திப் பேசுறதுன்னா என்னன்னு இந்த இடத்துலதான் தெரிஞ்சுது.

ஒருத்தன் சொன்னான், '38ஐ 40னு வச்சுக்கிட்டேன், 52லருந்து 40 போனா 12, நான் 2 கூட சேத்துக்கிட்டேன்ல, அதனால அந்த 2ஐ கழிச்சேன், 10.' நிறைய தலை ஆடுச்சு. கேக்கவே நியாயமாத்தான் இருக்கு, சேத்தத திருப்பி எடுக்கணும், கூட்டல்ல அப்படித்தான செய்வோம். இன்னொருத்தி 14னு சொன்னா, ஆனா ஏன் கூட்டணும்னு அவளால சொல்ல முடியல, 'எனக்கு அப்படித்தான் வருது'ன்னுட்டா. டீச்சர் சரி எதுன்னு சொல்லல. 'குச்சியில செஞ்சு காட்டுப்பா'ன்னாங்க. அஞ்சு கட்டு ரெண்டு உதிரி, அவன் நாலு கட்ட எடுத்து நடுவுல வச்சான், கையில 12. 'உன்ன எவ்வளவு குடுக்கச் சொன்னேன்?' '38.' 'எவ்வளவு குடுத்த?' '40.' கொஞ்ச நேரம் நின்னான். பின்னாடி பெஞ்சுலருந்து ஒரு குரல், 'டேய், கூட குடுத்துட்டடா, திருப்பி வாங்கு.' அவனே நடுவுல இருந்து ரெண்டு குச்சிய எடுத்து கையில சேத்துக்கிட்டு 14னான்.

இதை டீச்சர் ரெண்டு வரியில விளக்கியிருக்கலாம், தலையும் ஆட்டியிருப்பாங்க. ஆனா கழிக்கிற எண்ணப் பெருசாக்கினா மிச்சம் சின்னதாகும்ங்கிறது வாயால சொல்லி ஏறுற விஷயம் இல்ல, பெரியவங்களே இதுல தடுமாறுவாங்க.

எண்கோடும் கூடவே வந்துச்சு. குறியெல்லாம் போட்ட அச்சுக் கோடு இல்ல, நெதர்லாந்துல 1990கள்ல ஆரம்ப வகுப்புகள்ல பரவின வெறுங்கோடு. பசங்களே ஒரு கோடு இழுத்து 38, 52 ரெண்டையும் குறிச்சு, 38லருந்து 40க்கு ஒரு சின்னத் தாவல், 40லருந்து 52க்கு ஒரு பெரிய தாவல், 2ம் 12ம் 14. கழித்தல்னா எடுத்துட்டுப் போறது மட்டும் இல்ல, ரெண்டு எண்ணுக்கு நடுவுல இருக்கிற தூரமும்தான்னு பாதிப் பேருக்கு இந்தக் கோட்டுலதான் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறேன். 201 − 199ஐ மறுபடி கேட்டப்ப சிரிச்சாங்க.

சீட்டு விளையாட்டுல மாட்டின 26

ரெண்டாவது விளையாட்டு எண் சீட்டு. 0லருந்து 9 வரைக்கும் எழுதின சீட்டுலருந்து நாலு எடுத்து ரெண்டு பேருக்கும் பொதுவா மேசையில போடணும், ஆளாளுக்கு அந்த நாலு இலக்கத்த வச்சு ரெண்டு ரெண்டிலக்க எண் பண்ணி கழிக்கணும், யாரோட மிச்சம் சின்னதோ அவங்களுக்குப் புள்ளி. பகடை மாதிரி அதிர்ஷ்டம் இல்ல, யோசிச்சா ஜெயிக்கலாம்.

ஒரு மேசையில வந்த சீட்டு 2, 3, 5, 8. ஒருத்தன் 58 − 32 வச்சு 26னான். எதிர்ல இருந்தவன் 52 − 38 வச்சான், அவனுக்கும் 26. ரெண்டு பேரும் சமம், ஆளுக்கு அரைப் புள்ளின்னு சமாதானமா எழுதிட்டாங்க. பக்கத்து மேசைப் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, 'அது எப்படி சமமா வரும், உன்னோடது 58லருந்து போகுது, அவனோடது 52லருந்துதான போகுது'ன்னு கேட்டுட்டா.

இதைத் திட்டம் போட்டு வர வச்சதா சொன்னா பொய், சீட்டு அப்படி விழுந்துச்சு. ஆனா இப்ப திட்டம் போட்டு வைக்கலாம், அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன். அந்த பக் என்ன செய்யுதுன்னா, ஒண்ணாம் இட இலக்கங்கள மேலயும் கீழயும் மாத்திப் போட்டுடுது, அதாவது குழந்தை 52 − 38னு நினைச்சுக்கிட்டு உண்மையில 58 − 32ஐ போடுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா தப்பு தானா முட்டிக்கும். 71 − 45க்கு 75 − 41, 83 − 27க்கு 87 − 23, எந்தக் கணக்குக்கும் இந்த ஜோடிய எழுதலாம்.

டீச்சர் அங்க வந்து பாத்தாங்க, தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போய், மறுநாள் பேச்சுல போர்டுல போட்டாங்க: '58 − 32, 52 − 38, ரெண்டும் சமமா? கணக்குப் போடாம சொல்லணும்.' இதுல கணக்குப் போடக் கூடாதுங்கிறது முக்கியம், போட்டா ஒருத்தன் 26ம்பான், இன்னொருத்தன் 14ம்பான், யாரு நல்லா படிக்கிறவனோ அவன் பக்கம் எல்லாரும் சாஞ்சுடுவாங்க.

பேச்சு சூடாத்தான் போச்சு. 'நம்மகிட்ட இருக்கிறது 58லருந்து 52 ஆயிடுச்சு, கம்மி. குடுக்குறது 32லருந்து 38 ஆயிடுச்சு, ஜாஸ்தி. கம்மியா வச்சுக்கிட்டு ஜாஸ்தியா குடுத்தா மிச்சம் எப்படி அதே இருக்கும்?' இது முதல் நாள் 20னு எழுதின பொண்ணு. அப்ப எவ்வளவு குறையும்? ஒருத்தன் 6ன்னான், ஒருத்தி 12ன்னா. 6ன்னவன் விடல, '8ம் 2ம் இடம் மாறுச்சு, அதுக்கு நடுவுல 6தான இருக்கு.' போர்டுல எண்கோடு போட்டு 32ம் 58ம் குறிச்சாங்க, வலது முனை உள்ள 6 தள்ளுது, இடது முனையும் உள்ள 6 தள்ளுது, ரெண்டு பக்கமும் நெருக்குனா 12. 26ல 12 போனா 14. 6ன்னவன் எழுந்து வந்து கோட்ட அவனே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத்தான் உக்காந்தான்.

அந்த சீட்டுல ரெண்டுமே ஜெயிக்கிற விடை இல்லங்கிறது அப்புறம் கண்டுபிடிச்சாங்க. 35 − 28, வெறும் 7. பத்தாம் இடத்துல பக்கத்துப் பக்கத்து எண் வைக்கணும், அப்புறம் பெரிய எண்ணுக்கு சின்ன உதிரியும் சின்ன எண்ணுக்கு பெரிய உதிரியும் குடுக்கணும். கடன் வாங்க வேண்டிய கணக்குதான் ஜெயிக்கும்னு பசங்களே சொல்ல ஆரம்பிச்சப்ப டீச்சர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

எது மாறுச்சு, எது மாறல

பருவக் கடைசியில நெடுக்கா போட்ட கணக்குகள்ல 26 ரகத் தப்பு நல்லா குறைஞ்சுது, ஒழியல. தனியா ஒரு கணக்கா குடுத்தா யோசிச்சுப் போடுறவங்க, ஒரு பக்கம் நிறைய, கடன் தேவைப்படுறதும் படாததும் கலந்து குடுத்தா அஞ்சாவது கணக்குக்கு மேல பழைய விதிக்கு சறுக்கினாங்க. அங்க காப்பாத்தினது மதிப்பீட்டு வரிதான். '50லருந்து 40, 10 பக்கம் வரும்'னு முதல்லயே எழுதியிருந்தா 26ஐ பாத்ததும் உறுத்துது, தானே அடிச்சுட்டு மறுபடி போடுறாங்க. ஆனா மதிப்பீடே தப்பா இருந்தா 24ஐ இது பிடிக்காது, 20 பக்கம் வரும்னு எழுதினவங்களுக்கு 24 பாக்க அழகாத்தான் இருக்கு. அவங்களுக்கு வந்த விடைய 38ஓட கூட்டி 52 வருதான்னு சரிபாக்குற பழக்கம்தான் உதவுச்சு.

ஒரு பையன் கடைசி வரைக்கும் 38லருந்து 52 வரைக்கும் விரல் விட்டே எண்ணினான். விடை சரி. மெதுவா வருது, நடுவுல யாராவது பேசினா தொலைஞ்சுது. அவனுக்கு 8க்கு இன்னும் எவ்வளவு சேந்தா 10ங்கிறதே கையில வரல, 38லருந்து 40க்குத் தாவச் சொன்னா எப்படித் தாவுவான். அவனோட இன்னும் ரெண்டு மூணு பேர சேத்து பத்துக் கட்டம் போட்ட அட்டையில புள்ளி வச்சு ஒரு நொடி காட்டிட்டு மறைச்சு, எத்தனை இருந்துச்சு, எத்தனை காலின்னு கேக்குற பயிற்சி தனியா நடந்துச்சு. அது இன்னும் முடியல. பேச்சும் விளையாட்டும் இந்த ஓட்டைய தானா அடைச்சுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நடுவுல வேற ஒரு வியாதியும் வந்துச்சு. பேச்சுல ஒவ்வொரு வழிக்கும் ஒரு விரல்ங்கிறது போட்டியா மாறி, அஞ்சு வழி இருக்குன்னு காட்டுறதுக்காகவே 52 − 38ஐ 52 − 10 − 10 − 10 − 1 − 1 − 1 − 1 − 1 − 1 − 1 − 1னு தேவையில்லாம உடைச்சுக்கிட்டு இருந்தாங்க, டீச்சரும் எல்லாத்தையும் போர்டுல எழுதி போர்டு நிரம்பி பத்து நிமிஷம் அரை மணி ஆகி யாரும் யாரோடதையும் கேக்கல. அப்புறம் ரெண்டே வழி, ரெண்டுத்தையும் ஒப்பிட்டு 'எந்தக் கணக்குக்கு எது லேசு'ன்னு கேக்குறதுன்னு ஆச்சு. 83 − 5க்கு எண்ணிக்கிட்டே கீழ இறங்குறது லேசு, 83 − 79க்கு மேல ஏறுறது லேசு. இந்த ஒரு கேள்விக்கு அஞ்சு வழிய விட மதிப்பு அதிகம்.

வேகப் போட்டி விளையாட்டுகள ஒண்ணு ரெண்டு நாள் வச்சுப் பாத்து விட்டுட்டாங்க. யாரு முதல்ல கத்துறாங்களோ அவங்களுக்குப் புள்ளின்னா எப்பவும் அதே நாலு பேர் கத்துறாங்க, மத்தவங்க அவங்க வாயப் பாக்குறாங்க. வீட்டுலருந்து நோட்டு காலியா இருக்குன்னு கேள்வி வந்துச்சு, விளையாட்டுல எழுதுற தாள நோட்டுல ஒட்டி அனுப்பினதும் அடங்குச்சு.

இப்போ மூணிலக்கம் போயிட்டு இருக்கு, 402 − 178 மாதிரி நடுவுல பூஜ்யம் வரது. பழைய சிக்கல் புது வேஷத்துல திரும்பியிருக்கு, பூஜ்யத்துகிட்ட கடன் கேட்டா என்ன பண்றதுன்னு தெரியாம சில பேர் பூஜ்யத்த அப்படியே 9 ஆக்கிட்டு நூறாம் இடத்த தொடாம விட்டுடுறாங்க. ஆனா ஒரு பொண்ணு, அந்த 58 − 32 சண்டையில எட்டிப் பாத்தவதான், ரெண்டு எண்ணுலயும் மூணு மூணு குறைச்சு 399 − 175னு எழுதி, எங்கயும் கடன் வாங்காம 224னு போட்டுட்டா. ரெண்டு முனையும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்தா நடுவுல தூரம் மாறாதுல்ல டீச்சர்னு கேட்டா. டீச்சர் அதை வகுப்புக்குத் திருப்பி விட்டாங்க, எல்லா கணக்குக்கும் இப்படிக் கடன் இல்லாத ஒரு ஜோடி கிடைக்குமான்னு. 631 − 258ஐ எடுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஒரு குழு 32 குறைச்சு 599 − 226ல நிக்குது, இன்னொரு குழு 42 கூட்டி 673 − 300னு கொண்டு வந்திருக்கு, ரெண்டும் 373. எது சுலபம்னு இன்னும் முடிவாகல.